தொடக்கத் தொடரும் காற்புள்ளியும்

இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சிறிய பொருள். வரியின் அடியில் சிறு வால்போலத் தொங்கும் காற்புள்ளிதான் அது. அதிலும், வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் சொற்களுக்குப் பின் அதை எங்கே போடுவது, எங்கே போடாமல் விடுவது என்பதை மட்டும் பார்ப்போம்.

தோட்டத்து அலுவலகக் கணக்கில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "சென்ற மாதம் வேலையை விட்டு நின்ற தொழிலாளிக்குக் கூலி பாக்கி கொடுக்கப்பட்டது." இதில் சென்ற மாதம் நடந்தது எது? வேலையை விட்டதா, கூலி கொடுத்ததா? "சென்ற மாதம் எனக்குப் பணம் வரவில்லையே" என்று தொழிலாளி வந்து நிற்கிறார். "நீங்கள் நின்றதைத்தான் சென்ற மாதம் என்று எழுதினேன்" என்கிறார் கிராணி. வரியை வைத்துக்கொண்டு யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியில்லை. "சென்ற மாதம்" என்பதை அடுத்து ஒரு காற்புள்ளி இருந்தால், பணம் கொடுத்தது சென்ற மாதம். "தொழிலாளிக்கு" என்பதை அடுத்து இருந்தால், வேலை நின்றது சென்ற மாதம். ஒருவருடைய கூலிப் பணம் அந்தச் சிறு வாலில் தொங்குகிறது.

இதே வரியை நாம் வானொலியில் படித்தால் குழப்பம் வராது. படிப்பவர் தக்க இடத்தில் குரலைச் சற்று நிறுத்துவார்; கேட்பவர் காது பொருளைப் பிரித்துக்கொள்ளும். இந்த உண்மையை நம் பழைய இலக்கண ஆசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். தொல்காப்பிய உரைகளில் "செம்பொன்பதின்றொடி" என்று ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. தொடி என்பது ஓர் எடை. செம்பொன் என்று நிறுத்திப் பதின்தொடி என்று சொன்னால், அது பத்துத் தொடி பொன். செம்பு என்று நிறுத்தி ஒன்பதின்தொடி என்று சொன்னால், அது ஒன்பது தொடி செம்பு. எழுத்து ஒன்றுதான், நிறுத்தும் இடம் மாறினால் பொன் செம்பாகிவிடுகிறது. இவற்றை வேறுபடுத்திக் காட்டுவது சொல்லும் ஓசையே என்பது அவர்கள் கண்ட முடிவு.

அந்த ஓசையை ஏட்டில் காட்ட அவர்களிடம் குறி இல்லை. பனையோலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிட்டே எழுதினார்கள். காற்புள்ளியும் அரைப்புள்ளியும் அச்சோடு வந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்துப் பாலபாடம் முதலான நூல்களை வெளியிட்டபோது, தமிழ் உரைநடையில் இக்குறிகளை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவரானார். பிற்காலத்தில் அதே யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ பேர் மலாயாவின் ரயில்வேக்கும் அலுவலகங்களுக்கும் எழுத்தர்களாக வந்து சேர்ந்தார்கள் என்பது நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

குறி வெளியிலிருந்து வந்தாலும், பெயரை நாம் நம் கணக்கிலேயே வைத்துக்கொண்டோம். கால், அரை, முக்கால், முற்று. நிறுத்தும் நேரம் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மாத்திரை என்று பள்ளியில் கற்பிப்பார்கள். மாத்திரைக் கணக்கை யாரும் மணி பார்த்து அளப்பதில்லை. ஆனால் காற்புள்ளி என்பது குரலுக்குரிய குறி என்பதை மனத்தில் பதிய வைக்க அது நல்ல வழி.

இனி, இன்றைய மாணவருக்கு வரும் இடர்ப்பாட்டைப் பார்ப்போம். ஈப்போவுக்கும் பத்து காஜாவுக்கும் இடையே உள்ள லகாட்டில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளை மூன்று மொழிகளில் எழுதப் பழகுகிறது. மலாய் வகுப்பில் "கலாவ் ஹுஜான் துருன்" என்று எழுதி, அதன்பின் கோமா போட்டு, மீதியை எழுதச் சொல்கிறார்கள். ஆங்கில வகுப்பிலும் அதே பாடம்: தொடக்கத் தொடர் முடிந்ததும் கோமா. அந்தப் பழக்கத்தோடு தமிழ்க் கட்டுரைக்கு வரும் பிள்ளை, "மழை பெய்தால், நாங்கள், வீட்டில், இருப்போம்" என்று எழுதிவிடுகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் மூன்றையும் அடிக்கிறார். ஏன் என்று பெரும்பாலும் சொல்வதில்லை.

காரணம் மொழியின் அமைப்பில் இருக்கிறது. மலாயில் "கலாவ்" என்னும் சொல் தொடரின் தலையில் நிற்கிறது. தொடர் எங்கே தொடங்குகிறது என்று அது காட்டும். எங்கே முடிகிறது என்று காட்டாது. ஆங்கிலத்திலும் அப்படியே. முடியும் இடத்தைக் காட்டக் கோமா தேவைப்படுகிறது. தமிழில் "பெய்தால்" என்பதில் உள்ள "ஆல்" தொடரின் வாலில் நிற்கிறது. "மழை விட்டதும்", "பால் அளக்கும்போது", "கோவிலுக்குப் போன பின்" என்று எதை எடுத்தாலும், முடிவைக் காட்டும் உறுப்பு கடைசியில்தான் இருக்கிறது. கதவு சாத்தியாகிவிட்டது, மேலே ஒரு தாழ்ப்பாள் எதற்கு? "மழை பெய்தால் வீட்டில் இருப்போம்" என்று வெறுமனே எழுதினால் போதும். தொடர் மிக நீண்டு போனால், படிப்பவர் மூச்சு வாங்க ஒரு காற்புள்ளி போடலாம். அது உதவியே தவிரக் கட்டாயம் அன்று.

அப்படியானால் தமிழில் தொடக்கக் காற்புள்ளி எங்கே கட்டாயம்? கதவு இல்லாத இடத்தில். காலத்தையும் இடத்தையும் காட்டும் சொற்கள் வாக்கியத்தின் முதலில் வந்து, அவற்றை அடுத்து "வந்த", "வாங்கிய", "நின்ற" போன்ற பெயரெச்சம் வந்துவிட்டால் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். முன்னே நிற்கும் சொல்லைப் பக்கத்தில் இருக்கும் பெயரெச்சம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கடைசியில் நிற்கும் வினைமுற்றுக்கு அது போய்ச் சேராது.

"கடைசியாக வந்த பேருந்தில் ஏறினோம்" என்றால், அன்றைய கடைசிப் பேருந்தைப் பிடித்து ஈப்போ போனோம் என்று பொருள். "கடைசியாக, வந்த பேருந்தில் ஏறினோம்" என்றால், நெடுநேரம் காத்துச் சலித்து, எது வந்ததோ அதில் ஏறினோம் என்று பொருள். இது வேடிக்கைக்கு ஆகும். "1998-இல் லகாட்டில் வாங்கிய நிலத்தை மூத்த மகனுக்கு எழுதி வைத்தார்" என்பது வேடிக்கை அன்று. 1998 வாங்கிய ஆண்டா, எழுதி வைத்த ஆண்டா? அண்ணன் தம்பிகள் வழக்குமன்றப் படியேற இவ்வளவு போதும். இத்தகைய வரிகளில் காற்புள்ளியை மட்டும் நம்புவதைவிடச் சொல்லை இடம் மாற்றி வைப்பதே சிறந்தது என்பது நம் கருத்து. "லகாட்டில் வாங்கிய நிலத்தை 1998-இல் மூத்த மகனுக்கு எழுதி வைத்தார்" என்று எழுதிவிட்டால் சண்டைக்கு இடமே இல்லை. படி எடுக்கும்போது காற்புள்ளி உதிர்ந்து போகலாம். சொல்லின் இடம் அவ்வளவு எளிதில் மாறாது.

காற்புள்ளி போடும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதில் தவறுபவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர். "முகம் கழுவிப் பசியாறிப் பெரட்டுக்குப் போனார்" என்று ஒரே மூச்சில் எழுதினால் வல்லினம் மிகும். "கழுவி", "பசியாறி" என்பவற்றின் பின் "ப்" வருகிறது. அதையே நிறுத்தி நிறுத்தி எழுதினால், "முகம் கழுவி, பசியாறி, பெரட்டுக்குப் போனார்" என்று வரும். குரல் நின்றுவிட்டதால் அடுத்த சொல்லோடு ஒட்டும் மெய்யும் இல்லாமல் போகிறது. சிலர் "கழுவிப், பசியாறிப்," என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். ஓடிக்கொண்டே நிற்க முடியுமா? ஒட்டு வேண்டுமானால் புள்ளி வேண்டாம். புள்ளி வேண்டுமானால் ஒட்டு வேண்டாம்.

"எனவே", "ஆகவே", "முதலாவதாக", "எடுத்துக்காட்டாக" போன்ற இணைப்புச் சொற்கள் வாக்கியத்தின் தலையில் வரும்போது காற்புள்ளி போடுவது வழக்கம். "ஆனால்" என்பதற்குப் பின் போடுபவரும் உண்டு, விடுபவரும் உண்டு. ஒரே கட்டுரையில் ஒரே வழியைப் பின்பற்றினால் சரி.

விளி அப்படி விட்டுவிடக் கூடியதன்று. ஒருவரை அழைத்து வாக்கியத்தைத் தொடங்கினால், அழைத்த சொல்லுக்குப் பின் காற்புள்ளி கட்டாயம் வர வேண்டும். "முருகா", "தம்பீ" என்று ஈறு மாறி வரும் சொற்களில் தவறினாலும் பொருள் விளங்கும். "அம்மா", "அப்பா", "அக்கா" என்பவற்றுக்கு எழுவாய் வடிவமும் விளி வடிவமும் ஒன்றே. வெளியூரில் வேலை செய்யும் மகன், கைப்பேசியில் புலனம் வழியாக வீட்டுக்குச் செய்தி அனுப்புகிறான்: "அம்மா சொன்னது கேட்டதா". அம்மாவுக்கு அனுப்பியதா, அம்மா சொன்னதைப் பற்றித் தங்கைக்கு அனுப்பியதா? குடும்பத்தார் அனைவரும் சேர்ந்திருக்கும் குழுவில் அது வந்து விழுந்தால், யார் பதில் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "அம்மா, சொன்னது கேட்டதா?" என்று எழுத இன்னும் இரண்டு தட்டுத்தான் ஆகும்.

நேயர்களுக்கு ஒரு பயிற்சி. இந்த வரியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: "நேற்று லகாட்டில் பார்த்த வீட்டுக்கு முன்பணம் கட்டினோம்." முதலில் "நேற்று" என்பதற்குப் பின்னும், அடுத்து "லகாட்டில்" என்பதற்குப் பின்னும், மூன்றாவதாக "வீட்டுக்கு" என்பதற்குப் பின்னும் காற்புள்ளியை மாற்றி மாற்றி வைத்து உரக்கப் படித்துப் பாருங்கள். வீட்டைப் பார்த்தது எப்போது, எங்கே. பணம் கட்டியது எப்போது, எங்கே என்று ஒவ்வொரு முறையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, காற்புள்ளியே இல்லாமல் சொற்களை இடம் மாற்றி அந்த மூன்று பொருளையும் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.