மலை இறங்குமுன் நாம் இறங்குவோம்

கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆகவே எச்சரிக்கை மட்டும் போதாது. போகும் இடமும் வழியும் முன்பே தெரிய வேண்டும்.

அடைமழையில் நாம் கவனிக்க வேண்டியவை: சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு, மரமோ கம்பமோ சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது. இதில் ஒன்றைக் கண்டாலும், சிவப்பு எச்சரிக்கை வந்தாலும், "விடியட்டும், பார்ப்போம்"னு இருக்காமல் உடனே வெளியேறுவோம். 117க்கு அறிவிப்போம்.

எந்தக் காம்பராவில் வயசாளி, கைக்குழந்தை இருக்கிறார்கள், அவர்களை யார் தூக்குவது, எங்கே கூடுவது என்று லயத்துக்கு லயம் இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசி முடிப்போம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சாமான்களை அப்புறம் தேடலாம். உயிரைத் தேட முடியாது.