உங்களுக்குத் தெரியுமா? காசத்தைத் தீர்த்த மருந்தும் காதின் சமநிலையும்

1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து நிறுவி, பின்னாளில் ஒரு மின்ரயில் நிலையத்துக்கே பெயரளித்த தாம்பரம் சானடோரியத்தின் நினைவோடு நாம் சேர்த்து எண்ணும் காசநோய்க்கு, உயிர்காக்கும் ஔஷதமாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின், சிலருடைய உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்களைச் சிதைத்து, சரீரத்தின் சமநிலை உணர்வைப் பறிக்கவும் வல்லது. அத்தகையோர் பட்டப்பகலில் ஒருவாறு நடந்துவிடுவர். முகம் கழுவக் கண்ணை மூடினாலோ, மின்சாரம் நின்ற இரவில் முற்றத்தில் இறங்கினாலோ, சுவரைப் பற்றாமல் ஓரடி வைக்க இயலாது தடுமாறுவர்.

இந்தத் தீங்கையே வைத்தியர்கள் சிகிச்சையாக்கினர் என்பதுதான் பெருவியப்பு. தலைசுற்றலுக்கு உட்செவியும் மூலமாகலாம் என்று 1861-இல் பாரிஸ் நகரத்தில் எடுத்துரைத்த ப்ராஸ்பர் மெனியேரின் பெயரால் வழங்கும் வியாதியில், உட்செவித் திரவம் மிகுந்து, காதிரைச்சலும் செவிமந்தமும், மணிக்கணக்கில் உலகமே சுழலும் அவஸ்தையும் முன்னறிவிப்பின்றி வந்து வருத்தும். உப்பைக் குறைத்தும் (ஊறுகாயும் அப்பளமும் இல்லாத தயிர்சாதம் எளிய தியாகமன்று) அடங்காத சிலருக்கு, ஸ்ட்ரெப்டோமைசினின் மருந்தினத்தையே சேர்ந்த ஜென்டாமைசினைச் செவிப்பறையினூடே செலுத்தி, பிழையான சமிக்ஞை அனுப்பும் புலனை வேண்டுமென்றே தளர்த்துகின்றனர். கேள்வித்திறன் குன்றும் அபாயம் உண்டெனினும், மறுசெவியும் கண்களும் பாதங்களும் அப்பொறுப்பைச் சிறுகச் சிறுக ஏற்றுக்கொள்கின்றன.