17 டாலர் கிட்டார்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், மலை இடுக்கில் ஒதுங்கிக் கிடக்கும் ஊர் புட்சர் ஹாலோ. அந்நாளில் ஆண்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாக 1932-ல் பிறந்தவர், அமெரிக்கக் கிராமிய இசையான 'கன்ட்ரி'யின் பாடகி லொரெட்டா லின். 15 வயதில் கல்யாணம். கணவர் டூலிட்டிலோடு நாட்டின் மறுகோடியில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபோனார். 20 வயதுக்குள் கையிலும் இடுப்பிலுமாக நான்கு குழந்தைகள்.

வேலைக்கு நடுவே மனைவி பாடுவது கணவரின் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் 17 டாலர் கொடுத்து ஒரு கிட்டார் வாங்கிவந்தார். சொல்லித்தர ஆள் கிடையாது. தானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டார் லின். 1960-ல் முதல் இசைத்தட்டு வந்தது. இருவரும் பழைய காரில் ஊர் ஊராகப் போனார்கள். கண்ணில் பட்ட வானொலி நிலையத்தின் படியெல்லாம் ஏறி, 'இதைக் கொஞ்சம் போடுங்கள்' என்று கேட்டார்கள். தூக்கம் காருக்குள்ளேயே. அந்தப் பாட்டு கன்ட்ரி தரவரிசையில் 14-வது இடம் பிடித்தது. குடும்பம் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு இடம்பெயர்ந்தது.

அதன்பிறகு அவர் எழுதியவைதான் என்னை வியக்கவைப்பவை. கிணற்றடியில் பெண்கள் குரல் தாழ்த்திப் பேசிக்கொள்வதை அவர் மைக் முன்னால் நின்று பாடினார். குடித்துவிட்டு வந்து கட்டிலில் உரிமை கொண்டாடும் கணவனை எட்ட நிற்கச் சொல்லும் பாட்டை, தங்கையோடு சேர்ந்து எழுதினார். 1967-ல் அவருக்கு முதலிடம் வாங்கித் தந்தது அதுதான். தன் புருஷன் மேல் கண் வைத்தவளை அடிக்க வருவேன் என்று எச்சரித்தது அடுத்த ஆண்டுப் பாட்டு. எல்லாம் சொந்த வீட்டுச் சங்கதி. கிட்டார் வாங்கித்தந்த கைதான் பாட்டில் திட்டு வாங்கிய கையும்! 1996-ல் டூலிட்டில் இறக்கும்வரை இருவரும் பிரியவில்லை. அந்த உறவைப் புனிதமாக்கவும் தெரியாமல், வெறுத்து ஒதுக்கவும் மனமில்லாமல், உள்ளபடியே எழுதியதில்தான் அவரது நேர்மையைப் பார்க்கிறேன்.

1972-ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருது முதல்முறையாக ஒரு பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண் லின். ஆனாலும் 1975-ல் கருத்தடை மாத்திரை பற்றிய 'தி பில்' வெளிவந்தபோது பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அது பிறர் எழுதிய பாட்டு. ஆனால் வருஷத்துக்கொரு பிரசவம் என்று ஓய்ந்துபோன மனைவியின் குரலுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் யார்? மறுப்பையும் மீறி அது கன்ட்ரி தரவரிசையில் ஐந்தாம் இடம்வரை ஏறியது.

1970-ல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (சுரங்கத் தொழிலாளியின் மகள்) பாட்டு அவரது பிறந்த வீட்டின் கதை. துணி துவைத்துத் துவைத்து ரத்தம் கசியும் அம்மாவின் விரல்கள் அதில் வருகின்றன. லின் எழுதிவைத்த சரணங்கள் இன்னும் பல; நீளம் கருதி தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வெட்டச் சொன்னார். வெட்டுப்பட்ட வரிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அதே பெயரில் 1980-ல் வந்த படத்தில் லின்னாக நடித்த சிஸி ஸ்பேசெக், பாடல்களைத் தானே பாடி ஆஸ்கர் வென்றார்.

2004-ல், 72 வயதில், ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டோடு சேர்ந்து 'வான் லியர் ரோஸ்' ஆல்பத்தைத் தந்தார் லின். வான் லியர், அப்பா வேலை பார்த்த சுரங்கத்தின் ஊர். நுரையீரலில் கரித்தூள் படிந்த அந்த மனிதர், மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முந்தைய ஆண்டே இறந்துபோனார். ஆல்பத்தின் முதல் பாட்டில் அவர் இளைஞராக இருக்கிறார். ஊரே கண்வைத்த அழகியான அம்மா அவரைக் காதலிக்கிறாள்.