தூரைக் குனிந்து பாருங்கள்

பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தைச் சுற்றி உத்திரமேரூர், தென்னேரி என்று ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர்கள் பல. அந்த வயல்களுக்கு வரும் பொல்லாத எதிரி, புகையான். நாலைந்து மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்பு நிறத் தத்துப்பூச்சி.

இலையில் தேடினால் கண்ணில் படாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். பச்சையாக நின்ற பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்து, தீய்ந்ததுபோல் சாயும். அப்போது மருந்தைத் தேடி ஓடுவது தாமதம். அதனால் வாரம் ஒருமுறையாவது பயிரை விலக்கித் தூரைப் பாருங்கள்.

நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். யூரியாவை அள்ளிக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்; தழைச்சத்து மிஞ்சினால் புகையான் பெருகும். பூச்சி தெரிந்தால் தண்ணீரை வடித்துக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சுங்கள்.

சிலந்திகளையும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும் காப்பாற்றுவது இன்னும் முக்கியம். புகையானைத் தின்று குறைப்பவை அவைதான். செயற்கை பைரித்ராய்டு மருந்து அடித்தால் அவை செத்து, புகையான் முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். இந்தோனேசியா இதைப் பட்டறிந்துதான், 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மருந்து வாங்கும் முன் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.