மீண்டும் முதல் பாடத்திலிருந்தா?

வகுப்பில் முத்துக்குளித்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "சார், இப்ப நம்ம ஊர்ல யாரும் முத்து குளிக்கலையே, கடையில மட்டும் எப்படி முத்து இருக்கு?" என்று ஒரு மாணவன் கேட்டான். சிப்பியை வளர்த்து, 1893இல் அரைக்கோள முத்தை உருவாக்கிக் காட்டிய ஜப்பானியர் மிக்கிமோட்டோ கோகிச்சியைப் பற்றிச் சொன்னேன். அந்த நாட்டின் மொழியைக் கற்றால் என்ன என்று அன்று மாலை தோன்றியது. ஒரு நோட்டு வாங்கினேன்.

இப்போது என்னிடம் இருப்பது ஐந்தாவது நோட்டு. முதல் நான்கிலும் தொடக்கப் பக்கங்களில் இருப்பவை ஒரே எழுத்துகள்தாம். தேர்வுப் பணி, தேர்தல் பணி, வீட்டில் ஒரு விசேஷம் என்று ஏதாவது வரும். இரண்டு வாரம் விட்டுப்போகும். பிறகு புது நோட்டு, மறுபடியும் முதல் பாடம்.

தவறு எங்கே?

மொழி நமக்கு அந்நியமாக இல்லை. "வாதாஷி வா கக்கோ நி இகிமாஸ்" என்றால் "நான் பள்ளிக்குப் போகிறேன்". சொல் வரிசை தமிழைப் போலவே; "நி" நம் நான்காம் வேற்றுமை உருபான "கு" செய்யும் வேலையைச் செய்கிறது. கோரே, சோரே, ஆரே, தோரே என்பவற்றைப் படித்தபோது இது, உது, அது, எது நினைவுக்கு வந்தன. நாம் இலக்கணத்தில் மட்டும் சொல்லித்தரும் உகரச் சுட்டின் வேலை அங்கே அன்றாடப் பேச்சில் இருக்கிறது.

தவறு நான் வைத்த வேகத்தில் இருந்தது. ஹிரகானா, கட்டகானா என்னும் இரு வரிசைகளில் அடிப்படை எழுத்துகள் தலா 46. அவற்றோடு காஞ்சி என்னும் சித்திர எழுத்துகளும் உண்டு. ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைக்கு ஓராண்டில் 80 காஞ்சி; ஆறு ஆண்டுகளில் 1,026. நாள் முழுதும் அந்த மொழியிலேயே பேசி விளையாடும் குழந்தைக்கே அவ்வளவுதான். நான் மூன்று மாதத்தில் 300 என்று திட்டமிட்டிருந்தேன்!

மறந்தது முழுவதும் போய்விடுவதில்லை

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம் நினைவாற்றலையே சோதித்து 1885இல் நூல் வெளியிட்டார். படித்தது முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை நாம் பி.எட். வகுப்பில் படித்திருக்கிறோம். மறந்ததாக நினைப்பதை மறுமுறை படிக்கக் குறைந்த நேரமே ஆகும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. அப்படியானால் எனக்குப் புது நோட்டு தேவையே இல்லை. விட்ட இடமே போதும்.

இப்போது என் முறை இது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972இல் விளக்கிய அட்டைப்பெட்டி முறையை எனக்கேற்ப மாற்றிக்கொண்டேன். பெட்டியில் மூன்று அறைகள். புதுச் சொல் முதல் அறையில், தினமும் பார்ப்பேன். சரியாகச் சொன்னால் இரண்டாம் அறைக்கு. அதை மூன்று நாளுக்கு ஒருமுறை. மீண்டும் சரியென்றால் மூன்றாம் அறைக்கு; அது வாரம் ஒருமுறை. தவறினால் அந்த ஓர் அட்டை மட்டும் முதல் அறைக்குத் திரும்பும். மொத்தப் பாடமும் திரும்புவதில்லை.

தினமும் 15 நிமிடம். வேலை மிகுந்த நாளிலும் முடிகிற அளவு அதுதான். முதலில் பழைய அட்டைகள், பிறகு மூன்று புதுச் சொற்கள். நாட்கள் விட்டுப்போனால் அந்த வாரம் புதுச் சொல் கிடையாது, பழையவை மட்டும்.

நம் கரையிலேயே இதற்கு முன்னோடி உண்டு. வேம்பார் உள்ளிட்ட ஏழு ஊர்களைக் கொண்ட முத்துக்குளித்துறைக்கு 1547இல் வந்தவர் போர்த்துகீசியரான அண்டிரிக்கி அடிகளார். தமிழ் கற்றார், தமிழ் இலக்கணத்தைத் தம் மொழியில் எழுதினார். அவருடைய "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் அச்சானது 1578இல். வந்து 31 ஆண்டுகள் கழித்து. அது 16 பக்கச் சிறு நூல். 1600இல் புன்னைக்காயலில் இறக்கும்வரை அவர் தமிழை விடவில்லை.

வகுப்பறையில்

நான்கு நோட்டுகளையும் அடுக்கிவைத்தபோது ஒரு மாணவியின் நினைவு வந்தது. ஆறாம் வகுப்புக்கு வந்தும் வாசிக்கத் தடுமாறியவள். ஒவ்வொரு ஜூனிலும் அவளுக்கு "அ, ஆ" என்றே தொடங்கினேன். பாதியில் வேறு வேலை வரும், நின்றுவிடும். எட்டாம் வகுப்புக்குள் மூன்று முறை அகரவரிசை படித்துவிட்டாள். வாசிப்பு மட்டும் வரவில்லை. எனக்கு நான் செய்த தவறையே அவளுக்கும் செய்திருக்கிறேன்.

அவளை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். உயிரெழுத்தில் தடையில்லை. கெ, கே, கொ, கோ வரிசைகளில்தான் குழம்பினாள். அங்கிருந்து தொடங்கினோம். மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம், அதே அட்டைப்பெட்டி. இப்போது மெதுவாக, விரல் வைத்து, ஒரு பத்தியை முடிக்கிறாள். "சார், அ ஆ வேண்டாம்னு எனக்கு முன்னாடியே தெரியும்" என்று ஒருநாள் சொன்னாள். நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

வரும் ஜூனில் பின்தங்கிய மாணவருக்கு முதல் பக்கத்தைத் திறக்கும் முன், எந்தப் பக்கத்தில் நின்றார் என்று ஒருமுறை வாசிக்கவைத்துப் பார்ப்போம்.