வாவிக்கரையிலிருந்து உலகத்துக்கு வேலை: மட்டக்களப்பு அன்றும் இன்றும்

1814ஆம் ஆண்டு வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்ட் மிஷனரி மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். இங்கிலாந்தில் அவரை அனுப்பிய சபையோடு அவருக்கு இருந்த தொடர்பு, மாதக்கணக்கில் கடல் கடந்து வரும் கடிதம் மட்டும்தான். வந்த கையோடு பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருடமே காலமானார். புளியந்தீவில் இருக்கும் மெதடிஸ்ட் மத்திய கல்லூரி தன் பிறந்த ஆண்டை இன்றும் 1814 என்றே சொல்கிறது. தூரதேசத்தார் கொடுத்த வேலையை இந்த வெயிலில் இருந்து செய்வதென்றால், அன்று அது உயிரைப் பணயம் வைக்கிற காரியம்.

இன்று அதே புளியந்தீவில், கல்லடியில், லப்டொப்பைத் திறந்தால் லண்டன் அலுவலகம் முன்னால் வந்து நிற்கிறது. நினைத்த ஊரில் தங்கி, இணையம் வழியே தூரத்து நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களுக்கு உலகம் 'டிஜிட்டல் நாடோடி' என்று பெயர் வைத்திருக்கிறது. பாங்கொக்கும் சியாங் மாயும் பாலியும் அவர்களால் நிரம்பி வழிகின்றன. இலங்கையில் அவர்கள் முதலில் தேடிப்போவது தெற்குக் கரையின் வெலிகம, அகங்கம பக்கம்தான். ஆனால் வாவியும் கடலும் இரண்டு பக்கமும் நிற்கும் மட்டக்களப்பு அந்த வாழ்வுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது இங்கே தங்கி வேலை செய்தால்தான் தெரியும்.

தென்மேற்கிலிருந்து வறண்டு வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்கே தெரு கொதிக்கத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் லண்டனில் காலை 9 மணி என்றால் இங்கே பிற்பகல் 1.30. ஆகவே காலைப்பொழுது முழுவதும் நமக்கே சொந்தம். வாவியில் தோணியை நிறுத்தி வீச்சுவலை எறிபவர்களைப் பார்க்கலாம். சந்தையில் இறாலும் நண்டும் உயிரோடு துள்ளும். சட்டித் தயிர் அடுக்கடுக்காக இருக்கும். வெயில் ஏறியதும் மின்விசிறிக்குக் கீழே வேலை. முடிந்தபின் ஆட்டோ பிடித்துக் காத்தான்குடிக்குப் போனால், பேரீச்ச மரங்கள் நடுவில் வரிசையாக நிற்கும் பிரதான வீதியில் இரவுக் கடைகள் களைகட்டியிருக்கும்.

இந்தச் சுகத்தை எழுதும்போதே, இதே தெருக்கள் மாலையானதும் வெறிச்சோடிய காலம் நினைவுக்கு வராமல் இருக்காது. போர்க்காலத்தில் ரயில் நின்றது, மின்சாரம் போனது, சோதனைச்சாவடி தாண்டாமல் எங்கும் போக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேச 'கொமினிகேசன்' கடைக்குத்தான் போகவேண்டும். பலகையால் அடைத்த சின்னக் கூண்டுக்குள் நின்று, ஏறிக்கொண்டே போகும் கட்டணத்தைப் பார்த்தபடி பேசவேண்டும். அழைப்பு அங்கிருந்து வருவதானால் நாளும் நேரமும் கடிதத்தில் முன்பே வந்திருக்கும். தாய்மார் நேரத்தோடு வந்து வாங்கில் குந்தியிருப்பார்கள். லைன் கிடைக்காத நாளில் பேசாமல் எழுந்து போவார்கள்.

போருக்குப் பின் தூரங்கள் சுருங்கின. கல்லடியில் ஆங்கிலேயர் காலத்து லேடி மனிங் இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் அகலமான புதுப் பாலம் திறக்கப்பட்டது. வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையிலிருந்து மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போக, மண்முனைத்துறையில் 'பாதை' என்ற மிதவைப்படகு வரும்வரை காத்திருந்த மக்களுக்கு 2014இல் பாலம் கிடைத்தது. வயலும் மாடும் நிறைந்த படுவான்கரை நகரத்துக்கு நெருங்கி வந்தது.

என்றாலும் மிகப் பெரிய மாற்றத்தை நான் பாலங்களில் காணவில்லை. அது வீட்டுக்குள் நடக்கிறது. மட்டக்களப்பில் வீட்டைப் பெண்பிள்ளைக்கு எழுதுவது வழக்கம். கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். வீடு அவளுடையது. ஆனால் அந்த வீட்டைக் கட்டி முடிக்கவும் கடனை அடைக்கவும் எத்தனை தாய்மார் பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டுப்பணிப் பெண்களாக மத்திய கிழக்குக்குப் போனார்கள்! தன் பெயரில் இருக்கும் வீட்டில் வாழ்வதற்காக அந்த வீட்டை விட்டே போகவேண்டியிருந்தது. இன்று அவர்களுடைய மகள், அதே வீட்டின் ஓர் அறையில் இருந்து வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணக்கெழுதலாம், மென்பொருள் எழுதலாம், படம் வரையலாம். பிள்ளை பள்ளியால் வரும்போது தாய் வீட்டில் இருப்பாள். இதைவிடப் பெரிய முன்னேற்றம் என்ன வேண்டும்?

இந்த வழி எல்லோருக்கும் திறந்துவிடவில்லை. 2022 நெருக்கடியில் டொலர் சில மாதங்களில் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, வெளிநாட்டு நாணயத்தில் சம்பளம் வாங்கியவர் தாக்குப்பிடித்தார். ஆனால் அதே நாட்களில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை நீண்டது. லப்டொப்பும் பற்றரியும் வாங்க முடியாதவரின் கையிலிருந்த வேலை போனது. நல்ல லப்டொப், விடாத இணையம், துணிந்து பேசும் ஆங்கிலம் மூன்றும் நகரத்துப் பிள்ளைக்குக் கிடைப்பதுபோல் படுவான்கரையின் மண்டூர்ப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது. பட்டம் பெற்றவர்களில் பலர் அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

டிஜிட்டல் நாடோடிகள் பெருகியதும் பாலியின் சங்கு பகுதியில் வயல்கள் வில்லாக்களாகவும் கஃபேக்களாகவும் மாறிய கதையை நாம் பாடமாகப் படிக்கவேண்டும். டொலரில் சம்பாதிப்பவர் கேட்ட வாடகையைக் கொடுப்பார், ஊர்ப்பிள்ளையால் முடியாது. வருகிறவரை மட்டக்களப்பு தாராளமாக வரவேற்கட்டும். விருந்தோம்பலை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு பிரதேச சபை நூலகத்திலும் மின்சாரம் போனாலும் விளக்கு அணையாத ஓர் அறை, வேகமான இணையம், பெண்பிள்ளைகள் இரவு எட்டு மணிவரை பயமின்றி இருந்து வேலை செய்யக்கூடிய ஏற்பாடு: இவை முதலில் படுவான்கரைக்கு வரட்டும். அங்கே சம்பாதிக்கும் பிள்ளைகள் நூறு பேர் இருந்தால், ஆயிரம் விருந்தாளிகள் வந்தாலும் இந்த ஊர் கைமாறிப் போகாது.