பன்னிரண்டு உப்புகளும் பன்னிரண்டு இராசிகளும்

தஞ்சை அரசர் ஆதரவில் சாமுவேல் புரூக்கிங் என்னும் இரண வைத்தியர் 1847-ல் இந்நகரில் ஹோமியோபதி வைத்தியசாலையொன்று நிறுவினார். ஜெர்மானியராகிய ஷூஸ்லர் பன்னிரு தாதுவுப்புகளால் நோய் தீர்க்கும் முறையை வெளியிட்டது அதன் பின்னர், 1873-ல். அவற்றை இராசிகளுடன் பிணைத்தவரோ அமெரிக்கராகிய கேரி என்பவர். அவர் கணக்கில் வேதாரணியத்து உப்பளங்களில் விளையும் கறியுப்பு கும்பத்திற்கும், நம் நெல்லுமியில் மிகுந்துள்ள சிலிகா தனுசுக்கும் உரியன. கேட்க இனிதே!

ஆயின் அவர் கொண்டது மேனாட்டுச் சாயன இராசி. நம் பஞ்சாங்கமோ நிரயனம். இடையே ஏறக்குறைய 24 பாகை. ஏப்ரல் 5-ந் தேதி பிறந்தானுக்குச் சூரியன் அங்கே மேஷம், இங்கே மீனம். எனவே பொட்டாசியப் பாஸ்பேட்டு இரும்புப் பாஸ்பேட்டாக மாறிவிடும். உடலோ ஒன்றே! அன்றியும், 6 எக்ஸ் மாத்திரையில் மருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கே, எஞ்சியது பாற்சர்க்கரை. சோகையுற்ற மாணவர் இதனை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிவைப்பரோ என்றஞ்சியே இதனை எழுதலானேன்.